காங்கோக்காரர் நின்ற இடம்

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவும் நானும் சண்டை போட ஆரம்பித்தால் ஏரியில் நிற்கிற கொக்கெல்லாம் கிளம்பிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கொஞ்சம் ஏற்றிச் சொல்வதுதான். ஆனால் தொண்டைக்கு நான் என்றைக்கும் குறை வைத்ததில்லை. பால்வாடியில் பிள்ளைகளை மேய்த்த தொண்டை அது. இன்றைக்கும் பேரன் தெருக்கோடியில் விளையாடினால் வாசலில் நின்றபடியே சோற்றுக்குக் கூப்பிடுவேன்.

அன்றைக்கு வழக்கு அடிபம்பில். யார் குடம் முதலில் என்பதுதான் விஷயம். விடியும்போதே என் குடத்தை வைத்து, அது என்னுடையது என்பதற்கு அடையாளமாக உள்ளே ஒரு கல்லையும் போட்டுவிட்டு வந்திருந்தேன். போய்ப் பார்த்தால் கல் மணலில் கிடக்கிறது, குடம் கடைசியில் இருக்கிறது, பம்பைக் கன்னியம்மா அடித்துக்கொண்டிருக்கிறாள். கேட்க வேண்டுமா? அவள் குலம் கோத்திரத்தை நான் எடுத்தேன், என் மூக்கையும் முழியையும் அவள் எடுத்தாள். கூட்டம் கூடிவிட்டது.

அப்போதுதான் எதிர்வீட்டுக்காரர் வந்தார். கையில் வாளி. தலையில் வெளிர்நீலத்தில் ஒரு துண்டு, முண்டாசாக. அவசரமே இல்லாமல் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், கிழக்கே ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

"அண்ணா, தள்ளிக்கோ" என்றேன்.

"நீ திட்டும்மா. நானு குறுக்க பேச மாட்டேன்."

"குறுக்க நின்னுகினு இருக்கியே!"

"நிக்கத்தான் வந்தேன்."

ஆள் ஒல்லிதான், ஆனால் நெட்டை. நான் இடது பக்கம் எட்டிப் பார்த்துத் திட்டினால் அவரும் இடது பக்கம் சாய்வார். கன்னியம்மா வலது பக்கம் எட்டினால் அந்தப் பக்கமும் சாய்வார். ஒரு ஆளைச் சுற்றிக்கொண்டு போகிற வசவுக்கு வேகம் ஏது? கொஞ்ச நேரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பட்டாளத்துல சோறாக்கின ஆளுக்குப் பம்புல இன்னா வேலை?" என்று அவரைப் பிடித்தேன்.

"நல்லா கேளுக்கா!" என்றாள் கன்னியம்மா. "பொண்டாட்டி புள்ள இருந்தா இந்த மாதிரி வந்து நிப்பாரா?"

அக்கா! ஒரு நிமிஷத்துக்கு முன்பு அவள் என்னை அழைத்த பெயரை அச்சில் போட முடியாது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரை வாங்கு வாங்கு என்று வாங்கினோம். அந்தச் சந்தடியில் அவர் குனிந்து பம்பை அடித்து, தன் வாளியை நிரப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர் வித்தை அவ்வளவுதான். சண்டையை விலக்கமாட்டார், நியாயம் சொல்லமாட்டார். நடுவில் நிற்பார். இரண்டு தரப்பும் சேர்ந்து அவரைத் திட்டுகிற வரைக்கும் நிற்பார்.

குப்பத்தில் அவருக்குக் காங்கோ என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயரும் ஒன்று இருந்தது. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் காங்கோ என்ற தேசத்தில் கலகம் வந்தபோது, உலக நாடுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நடுநிலைக்கு ஒரு பட்டாளத்தை அனுப்பின. நம் நாட்டிலிருந்தும் போனார்கள். அவர்களுக்குச் சோறாக்க இவர் போனார். அங்கே எல்லாருக்கும் வெளிர்நீலத் தொப்பி. திரும்பி வந்து சில வருஷத்தில் அந்தத் தொப்பி இற்றுப்போனது. அதே நிறத்தில் துணி தேடிப் பொன்னேரி முழுக்க அலைந்து ஒரு துண்டு வாங்கிவந்தார். நான் வாழ்க்கைப்பட்டு வந்த எழுபதுகளில் அந்தத் துண்டு இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை.

காங்கோவில் இவர்கள் முகாமுக்குப் பக்கத்தில் அயர்லாந்துக்காரர்களின் முகாம். அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவருக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிடும்.

"நம்ம மெட்ராஸ்ல இருக்கற ஜனம்கூட அந்த நாட்ல இருக்குமோ இன்னாமோ. அம்மாஞ்சோண்டு நாடு. குளிர் தேசம் வேற. கம்பளித்துணில சட்டை தச்சிப் போட்டுகினு அந்த வெயில்ல வந்து எறங்கினானுங்க பாரு. ஒரு வாரத்துல வேகவெச்ச எறா மாதிரி ஆயிட்டானுங்க ஒவ்வொருத்தனும்!"

"அவ்ளோ சின்ன நாட்டுக்காரன் அங்க போயி இன்னா செய்வான்?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். இதே கேள்வியை நூறு தடவை கேட்டிருப்பார். பதிலுக்காகத்தான்.

"அவன்தான்பா செய்வான். பெரிய நாட்டுக்காரன் நடுவுல வந்து நின்னா, இவன் இன்னாத்த வாரிகினு போக வந்தான்னு ரெண்டு பக்கமும் சந்தேகம் வரும். சின்ன நாட்டுக்காரன் எத்த எடுத்துனு போவான்? கையில துப்பாக்கி இருக்கும். ஆனா அவனா முந்திகினு சுடக்கூடாது. நிக்கணும். அதான் வேலை."

"அடி விழுந்தா?"

"வாங்கிக்கணும்."

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

"மத்தளம் இடி வாங்கினாதான்பா கச்சேரி" என்பார் காங்கோ.

தன்னையும் ஒரு சின்ன நாடு என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். படகில்லை, வலையில்லை, பெண்டாட்டி இல்லை. கல்யாணம் காதுகுத்து என்றால் சமையலுக்குக் கூப்பிடுவார்கள். மற்ற நாளில் யாராவது கிழிந்த வலையைப் பொத்தக் கொடுத்தால் பொத்துவார். திருப்பாலைவனத்தில் ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியில் யார் உட்காருவது என்று பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் தகராறு. சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது கையில் கரண்டியோடு வந்து நடுவில் நின்றுவிட்டார். சாம்பார் அடிபிடித்துப் போனது. கடைசியில் இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, தீய்ந்த சாம்பாரைச் சாப்பிட்டு, சமையல்காரனை ஒற்றுமையாகத் திட்டினார்கள். இன்னொரு தடவை இரண்டு நாய்களுக்கு நடுவில் போய் நின்றார். நாய்க்கு என்ன சின்ன நாடு, பெரிய நாடு? தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டு பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். நானும் கன்னியம்மாவும் சிரித்த சிரிப்பில் அவரே சிரித்துவிட்டார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. சண்டை நடக்கிற வரைக்கும் எந்தத் தரப்பு வீட்டிலும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். "ஒரு ஊட்டு மோரக் குடிச்சா அந்த ஊட்டு நாக்கு வந்துரும்" என்பார். எதிர்வீடு என்பதால் பெரும்பாலும் ராத்திரிச் சோறு எங்கள் வீட்டில்தான். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் முட்டிக்கொண்டால் மனுஷர் தட்டைத் தொடமாட்டார். மடவை மீன் குழம்பு வாசனை அடிக்கும், அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். ஐயோ, இந்த ஆள் பட்டினி கிடக்கிறாரே என்பதற்காகவே நான் எத்தனையோ சண்டையைப் பாதியில் விட்டிருக்கிறேன். இல்லையென்றால் ஜெயித்திருப்பேன்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு ஆசை இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் 'பாடு' என்றால் என்ன என்று சொல்ல வேண்டும்.

ஏரியில் எல்லா இடத்திலும் எறா விழுந்துவிடாது. முகத்துவாரத்துக்கு உள்ளே நல்ல நீரோட்டம் உள்ள இடங்களில்தான் வலை கட்டலாம். அந்த இடத்துக்குப் பாடு என்று பேர். எங்களுக்கு உரிய பாட்டில் ஒருநாள் எங்கள் குப்பம் வலை கட்டும், மறுநாள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற எதிர்க்குப்பம் கட்டும். இது முறை. குப்பத்துக்குள் கல்யாணமான ஆம்பளைக்குத்தான் பாட்டில் பங்கு. காங்கோ பிரம்மச்சாரி, ஆகவே பங்கில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் எங்கள் பெரியதனக்காரர், அவர்தான் ஊருக்குத் தலைவர், நல்ல மனசு வந்து எல்லார் முன்னாலும் சொன்னார்: "தை பொறந்தா காங்கோவுக்கும் ஒரு பங்கு."

அன்றைக்கு அவர் நடந்த நடையை நான் மறக்கமாட்டேன். நைலான் நூல் வாங்கிவந்து தனக்கென்று ஒரு வலை பின்ன உட்கார்ந்தார். பின்னும்போதே வாயில் சினிமாப் பாட்டு வரும், குரல்தான் வராது. "தங்கச்சி, மொத எறா உன் ஊட்டுக்குத்தான்" என்பார். உடனே பக்கத்து வீட்டைப் பார்த்து, "கன்னிம்மாவுக்கும்" என்று சேர்த்துக்கொள்வார்.

மார்கழியில், எறா கொழுத்து ஓடுகிற நேரத்தில், எங்கள் குப்பத்தில் ஒரு கிழவி செத்துப்போனாள். ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு அந்த ஊர் ஏரியில் கால் வைக்காது. அது எங்கள் முறை நாள், வலை கட்டாமல் போயிற்று. மறுநாள் விடிந்ததும் எங்கள் ஆண்கள் படகைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாட்டில் நின்றுவிட்டார்கள். "எங்க முறை நேத்து சாவுக்குப் பூட்சி. இன்னிக்கி எங்குளுது." எதிர்க்குப்பமும் வந்துவிட்டது. "சாவுக்குப் போன முறை போனதுதான். இன்னிக்கி எங்க நாளு." ஏரியில் இடுப்பளவு தண்ணீர். படகு தள்ளுகிற கழிகள் எல்லாம் மேலே எழுந்தன. எங்கள் முதல் படகில் என் வீட்டுக்காரர். முன்பு ஒருதடவை இதே முறைச் சண்டையில் ஒருவருக்குக் கண் போயிருக்கிறது. நான் கரையில் நின்று கத்தினேன், அந்தக் கூச்சலில் யார் காதில் விழும்?

காங்கோ முண்டாசைக் கட்டிக்கொண்டு வந்தார். தண்ணீருக்குள் இறங்கப்போனவரைப் பெரியதனக்காரர் மறித்தார்.

"இன்னா, நடுவுல நிக்கப் போறியா? நீ இந்த ஊரு ஆளு. நம்ம பக்கம் நில்லு. நடுவுல நின்னியோ, பங்கு கெடையாது. சொல்ட்டேன்."

காங்கோ முண்டாசை இறுக்கிக்கொண்டார். "பங்கு எனுக்கு வேணும்தான், நைனா" என்றார். பெரியதனக்காரரை ஊரே அப்படித்தான் கூப்பிடும். "ஆனா இன்னிக்கி வேணாம்."

இறங்கிப் போனார். இரண்டு ஊர்ப் படகுகளுக்கும் நடுவில் போய், வழக்கம்போல் கிழக்கே பார்த்து நின்றார். ஒரு கழி வந்து அவர் தோளில் விழுந்தது. எந்தப் பக்கத்துக் கழி என்று இன்றுவரை தெரியாது. விழுந்தார். எழுந்தார். தண்ணீரில் மிதந்த முண்டாசைப் பிடித்துப் பிழிந்து மறுபடி கட்டிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு யாருக்கும் கை எழவில்லை, ஆனால் யாரும் போகவும் இல்லை. வெயில் ஏறியது. இரண்டு பக்கமும் வாய்க்கு வந்தபடி அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஒரு சின்னப் படகைத் தள்ளிக்கொண்டு, பானையில் கஞ்சியோடு அவரிடம் போனேன். முகம் கறுத்து உதடு காய்ந்திருந்தது.

"குடிண்ணா."

"அந்த ஊர்லேருந்தும் வந்தாதான் குடிப்பேன்."

"உயிரு பூடும்ணா உனுக்கு!"

"ரெண்டு ஊரு கஞ்சியும் வரட்டும்மா."

நான் திரும்பிக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் பார்த்தேன். எதிர்க்குப்பத்துப் பெண்கள் கரையில் கும்பலாக நின்றிருந்தார்கள். கூப்பிடு தூரம்தான். அவர்களிடம் போய்க் கெஞ்ச எனக்கு வாய் வராது. எனக்கு வருவது ஒன்றுதான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டேன்.

"அடியேய்! உங்க ஊர்ல கஞ்சி காச்ச ஒரு பொம்பளகூட இல்லியா?"

ஏரியே அடங்கிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "எங்க ஊரு கஞ்சியக் குடிச்சா உங்க ஊரு கஞ்சியக் கீழ ஊத்துவாருடீ!"

"அப்ப கொண்டாந்து காட்டுடீ!"

கொண்டுவந்துவிட்டார்கள். கஞ்சி மட்டுமா, சுட்ட கருவாடு, ஊறுகாய், வெங்காயம். படகோடு படகு உரச நாங்கள் இரண்டு பக்கமும் பானையை நீட்டிக்கொண்டு நின்றோம். அவர் எங்கள் கஞ்சியில் ஒரு வாய், அவர்கள் கஞ்சியில் ஒரு வாய் என்று மாற்றி மாற்றிக் குடித்தார். எது ருசி என்று இரண்டு ஊர்ப் பெண்களும் கேட்டோம். "ரெண்டும் உப்பு கம்மி" என்றார். விடியற்காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத ஆண்கள் எல்லாரும் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

"இந்த ஆளு எப்பதான் இங்கேருந்து கெளம்புவாரு?" என்றார் எதிர்க்குப்பத்துப் பெரியவர்.

"நீங்க ரெண்டு பேரும் கெளம்பினா" என்றார் காங்கோ.

மாலை நீரோட்டத்துக்கு இரண்டு ஊரும் பாதிப்பாதி வலை கட்டினார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு கண்ணோடும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆனால் சாவுக்குப் போன முறை யாருக்கு என்ற கேள்விக்கு மட்டும் தீர்மானம் ஒன்றும் ஆகவில்லை. அது அப்படியே கிடந்தது.

தை பிறந்தது. பங்கு வரவில்லை. பெரியதனக்காரர் சொன்ன சொல்லை விடாதவர், கெட்ட சொல்லாக இருந்தாலும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் வீட்டு வாசலிலேயே போய் நின்று கேட்டேன். பலனில்லை.

"வருத்தமா இல்லியாண்ணா?" என்றேன் காங்கோவிடம்.

"இருக்குது" என்றார். பின்னி முடித்த வலை அவர் மடியில் கிடந்தது. பிறகு அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அந்த அயர்லாந்து முகாமிலிருந்து ஒரு பையன் தினமும் இவரிடம் வந்து ரசம் வாங்கிக் குடிப்பானாம். காரத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டுமாம், ஆனாலும் மறுநாள் வந்துவிடுவானாம். ஒருநாள் வரவில்லை. எங்கேயோ நடுவில் நின்ற இடத்தில் குண்டு பட்டுச் செத்துப்போனானாம்.

"அந்த மண்ணுல ஒரு புடிகூட அவனுக்கு வராது தங்கச்சி. வராதுனு தெரிஞ்சும் நின்னான். எனுக்கு ஒரு பங்கு பூட்சி, அவ்ளோதான?"

நான் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய், "ரசம் இருக்குதா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றினார்.

அந்த வலை என்ன ஆயிற்று தெரியுமா? இரண்டு குப்பத்துக்கும் பொதுவான மணல் திட்டில் இளவட்டங்கள் பந்து விளையாட இடம் பண்ணியிருந்தார்கள். இரண்டு கழியை நட்டு நடுவில் அந்த வலையைக் கட்டிக் கொடுத்துவிட்டார். இந்தப் பக்கம் எங்கள் பிள்ளைகள், அந்தப் பக்கம் அவர்கள். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தினம் ஒரு சண்டை. இவர் நடுவில் நிற்பார். சில வருஷம் கழித்துப் பெரியதனக்காரர் இறங்கிவந்து, "சரி, பங்கு எடுத்துக்கோ" என்றபோது, "வலை ஏற்கெனவே வேலைக்குப் பூட்சி நைனா" என்று சிரித்துவிட்டார்.

எண்பதுகளின் கடைசியில், அதேபோல ஒரு மார்கழியில், காய்ச்சல் என்று படுத்த காங்கோ எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு எதிர்க்குப்பத்து முறை நாள். சாவு எங்கள் ஊரில், அவர்கள் தாராளமாக வலை கட்டியிருக்கலாம். ஒரு படகும் இறங்கவில்லை. ஊரோடு கால்வாயைத் தாண்டி வந்து, பாடைக்கு ஒரு பக்கம் அவர்கள் தோள் கொடுத்தார்கள், மறுபக்கம் எங்கள் ஆண்கள்.

மறுநாள் எங்கள் முறை. விடிந்ததும் கரையில் கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தால் இரண்டு ஊர்ப் படகும் ஏரியில் நிற்கின்றன.

"உங்க முறை நேத்து எங்க சாவுக்குப் பூட்சி. இன்னிக்கி நீங்கதான் கட்டணும்" என்கிறார் எங்கள் பெரியதனக்காரர்.

"அவரு எங்களுக்கும்தான் ஆளு. எங்க முறை போனது போனதுதான். இன்னிக்கி உங்குளுது, கட்டுங்க" என்கிறார் அந்த ஊர்ப் பெரியவர்.

"கட்டுயா!"

"நீ கட்டுயா!"

"எங்க ஊர மரியாத தெரியாத ஊருன்னு நெனச்சிகினியா?"

கழி மேலே எழுந்தது. நல்ல காரியத்துக்கும் இப்படித்தான் சண்டை போடுவார்கள் எங்கள் ஜனங்கள். நடுவில் தண்ணீர் மட்டும் கிடந்தது.

திரும்பி ஓடினேன். அவர் குடிசைக் கொடியில் அந்த நீலத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துத் தலையில் கட்டினேன். புடவையை வரிந்து செருகிக்கொண்டு ஏரியில் இறங்கிப் போய், அவர் நின்ற இடத்தில், கிழக்கே பார்த்து நின்றேன். என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சண்டையில் வாயைத் திறக்கவில்லை.

முதலில் என்னைத் திட்டியது என் வீட்டுக்காரர். "பொம்பளைக்கு இங்க இன்னா வேலை?" அடுத்து பெரியதனக்காரர். அதற்கும் அடுத்து அந்த ஊர்ப் பெரியவர். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஊரும் ஒரே குரலாக என்னை வாங்கிக்கொண்டிருந்தது. வெயில் ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

கரையிலிருந்து கன்னியம்மா பானையைத் தூக்கிக் காட்டினாள். "யக்கா! கஞ்சி எடுத்தாரட்டா?"

"அந்த ஊர்லேருந்தும் வந்தாதான்!" என்று கத்தினேன்.